குழந்தையின் மனநலச் சிகிச்சையை இடம் மாற்றுவது: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

எங்கள் மகனுக்கு ஏழு வயதில் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்த குறைபாடு இருப்பது கண்டறியப்பட்டது. அதன்பிறகான நான்கு ஆண்டுகளில் அவனுடைய சிகிச்சையை இரண்டு முறை இடம் மாற்றியிருக்கிறோம். முதல் முறை, மாலை நேரக் காத்திருப்பில் மூண்ட கோபத்தில், மகனின் மருத்துவக் கோப்பைக்கூடக் கேட்டு வாங்காமல் எழுந்து வந்தோம். அந்த அவசரத்தால் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் வீணாயின. இரண்டாம் முறை, எதை மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகே செய்தோம். திருச்சியில் வசிக்கும் குடும்பம் என்ற நிலையில் எங்கள் முன் இருந்த வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மதுரையிலோ சேலத்திலோ இருப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘டாக்டரை மாத்தணும்’ என்று வீட்டில் ஒரே சொல்லில் பேசிவிடுகிறோம். ஆனால் குழந்தைக்குச் சிகிச்சை அளிப்பவர் பெரும்பாலும் ஒருவர் மட்டும் இருப்பதில்லை. மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர், அவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவர். அறிவுத்திறன் சோதனைகளை நடத்தி, நடத்தைச் சிகிச்சை அளிப்பவர் மருத்துவ உளவியலாளர். அவர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இவர்களைத் தவிர, அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர், பள்ளியின் கவுன்சலர் என்று ஒரு குழுவே குழந்தையைச் சுற்றி இருக்கக்கூடும். நமக்கு இருக்கும் மனக்குறை இவர்களில் யாரைப் பற்றியது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லோரையும் சேர்த்து மாற்றும்போதுதான் நன்றாக நடந்துகொண்டிருந்ததும் சேர்ந்து நின்றுபோகிறது. எங்கள் முதல் மாற்றத்தில் நடந்தது இதுதான். மருத்துவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசவில்லை என்பது எங்கள் வருத்தம். அந்த வருத்தத்தில், மகன் ஒட்டிக்கொண்டிருந்த உளவியலாளரையும் விட்டுவிட்டு வந்தோம்.

முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய வழி, மாற்றாமல் இருந்து மனம் விட்டுப் பேசுவது. இதை ஒரு வழியாகவே பலர் கருதுவதில்லை. மருத்துவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கேட்பதற்குக் கூசி, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறோம். சிகிச்சை பலன் தரவில்லை என்ற முடிவுக்கு வருவதற்குப் போதிய காலம் ஆகியிருக்கிறதா என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கப்படும் மெதில்ஃபெனிடேட் என்ற மருந்து, கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கிவிடும், ஆகவே அது பொருந்துகிறதா என்பது சில வாரங்களில் தெரியும். ஆனால் அதே குறைபாட்டுக்குக் கொடுக்கப்படும் ஆட்டோமாக்செட்டின் முழுப் பலனைக் காட்ட நான்கு முதல் ஆறு வாரங்களோ அதற்கு மேலோ ஆகும். மனப்பதற்றத்துக்கும் ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் கொடுக்கப்படும் ஃப்ளுவாக்சிட்டின், செர்ட்ராலின் போன்றவையும் வாரக்கணக்கில் நேரம் எடுப்பவை. சி.பி.டி. எனப்படும் பேச்சுவழிச் சிகிச்சை குழந்தைகளுக்குப் பொதுவாக 12 முதல் 16 அமர்வுகளாகத் திட்டமிடப்படுவது; நான்காவது அமர்வில் அதை எடைபோடுவது, நாற்று நட்ட வாரமே கதிரைத் தேடுவது போன்றது. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை: எதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள், எத்தனை வாரத்தில் அதை எதிர்பார்க்கலாம், அது நடக்காவிட்டால் அடுத்த திட்டம் என்ன? இவற்றுக்குத் தெளிவான பதில் தருபவரை விட்டு விலக அவசரம் வேண்டியதில்லை. கேள்வி கேட்டதற்கே முகம் சுளிப்பவராக இருந்தால், நம் முடிவுக்கு அதுவும் ஒரு தகவல்.

அடுத்தது, ஒரு பகுதியை மட்டும் மாற்றுவது. என் கணிப்பில் நம் ஊர்ப் பெற்றோர் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும், மிக அதிகமாகப் பலன் தருவதும் இந்த வழிதான். மருந்து சரியாக இருக்கிறது, ஆனால் உளவியலாளரிடம் குழந்தை வாய் திறப்பதில்லை என்றால் உளவியலாளரை மட்டும் மாற்றலாம். உளவியலாளரோடு நல்ல உறவு இருக்கிறது, ஆனால் மருந்தின் பக்கவிளைவுகளை மருத்துவர் காதில் வாங்குவதில்லை என்றால் மருத்துவரை மட்டும் மாற்றலாம். இதில் ஒரு சங்கடமும் உண்டு. ஒரே கூரையின்கீழ் இருவரும் இருக்கும் தனியார் மையங்களில், பாதியை மட்டும் வெளியே எடுத்துக்கொள்வதை நிர்வாகம் விரும்பாமல் இருக்கலாம். புதியவரும் பழையவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாவிட்டால், நடுவில் செய்தி சுமக்கும் வேலை பெற்றோர் தலையில் விழும். மருந்தின் அளவு மாறியதை உளவியலாளரிடமும், வகுப்பில் நடந்ததை மருத்துவரிடமும் நாமே சொல்ல வேண்டும். அதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். மாதத்துக்கு ஒரு பக்கம் போதுமானதாக இருக்கிறது.

குழந்தை ‘நான் அங்கே வரமாட்டேன்’ என்று சொல்வதை வைத்து மட்டும் இந்த முடிவை எடுக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். பயத்துக்கான சிகிச்சையில், பயப்படும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ள வைக்கும் கட்டம் வரும்போது எந்தக் குழந்தையும் போக மறுக்கும். சிகிச்சை வேலை செய்யத் தொடங்கியிருப்பதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். அதே சொல், அவமானப்பட்டதாலும் வரலாம், வெறும் சலிப்பாலும் வரலாம், அந்த நேரத்தில் தெருவில் கிரிக்கெட் நடப்பதாலும் வரலாம். ‘ஏன் வரமாட்டாய்?’ என்று கேட்டால் ‘பிடிக்கல’ என்ற பதிலைத் தாண்டி எதுவும் கிடைக்காது. ‘அங்கே உட்கார்ந்திருக்கும்போது எந்த நேரம் ரொம்ப கஷ்டமா இருக்கு?’ என்று கேட்டபோதுதான் எங்கள் மகன், தன் எதிரிலேயே தன் குறைகளை நாங்கள் பட்டியலிடுவது பிடிக்கவில்லை என்று சொன்னான். மாற வேண்டியவர்கள் நாங்களாக இருந்தோம். அடுத்த முறையிலிருந்து எங்கள் புகார்களை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுகிறோம்.

முழுவதையும் அதே ஊரில் இன்னொரு தனியார் நிபுணரிடம் மாற்றுவது மூன்றாவது வழி. இதன் நல்ல பக்கம், புதிய கண்களால் குழந்தை பார்க்கப்படுவது. குறிப்பாக, முதல் நோயறிதல் மூன்று நான்கு வயதில் நடந்திருந்தால் அது இன்றைக்கும் பொருந்துகிறதா என்பது கேட்க வேண்டிய கேள்விதான்; கவனக்குறைவு என்று கருதப்பட்டது கற்றல் குறைபாடாகவோ, மனப்பதற்றமாகவோ, ஆட்டிசத்தின் ஒரு கூறாகவோ பின்னால் தெளிவாவது உண்டு. ஆனால் இழப்புகளும் கணிசமானவை. புதியவர் குழந்தையைத் தெரிந்துகொள்ளவே முதல் மூன்று நான்கு சந்திப்புகள் போய்விடும். பழைய அறிக்கை கையில் இல்லாவிட்டால் சோதனைகளை மறுபடி நடத்தச் சொல்வார்கள். அறிவுத்திறன் சோதனையைச் சில மாத இடைவெளியில் திரும்ப நடத்தினால், பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடிவிடும் என்பதால் அந்த முடிவை நம்பவும் முடியாது. கட்டணம் தனி. மருத்துவக் காப்பீட்டில் மன நோய்களையும் உடல் நோய்களுக்கு இணையாகச் சேர்க்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொன்னாலும், பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. குழந்தைகளின் மனநலச் சிகிச்சையோ ஏறக்குறைய முழுவதும் வந்து போகும் சிகிச்சை.

அரசு மருத்துவமனைக்கு மாறுவதைப் பற்றி நடுத்தரக் குடும்பங்களில் இருக்கும் தயக்கம் பாதி நியாயமானது, பாதி பழங்கதை. சென்னையில் 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் பெயரையே ஒரு வசையாகப் பயன்படுத்தி வளர்ந்த தலைமுறை நாம். அங்கும், எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கான மனநலச் சேவை இருக்கிறது. மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும், வளர்ச்சித் தாமதம் உள்ள சிறு குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் உள்ளன. ஆலோசனைக்கும் மருந்துக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது ஆண்டுக்கணக்கில் நீளும் சிகிச்சையில் சிறிய விஷயமல்ல. நியாயமான தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது: கற்பிக்கும் மருத்துவமனை என்பதால் பயிற்சி மருத்துவர்கள் சுழற்சியில் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொரு முறையும் வேறு முகத்திடம் முதலிலிருந்து கதை சொல்ல நேரலாம். புதியவர்களிடம் பழக மாதங்கள் எடுக்கும் குழந்தைக்கு இது பெரிய தடை. வாரந்தோறும் முக்கால் மணி நேரப் பேச்சுவழிச் சிகிச்சையை அந்தக் கூட்டத்தில் எதிர்பார்ப்பதும் கடினம்.

இருந்தாலும், தனியாரிடம் சிகிச்சை பெறும் குழந்தைக்கும் அரசு மருத்துவமனையில் ஒரு ஓ.பி. சீட்டு இருப்பது நல்லது என்பேன். ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகியவை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளுக்குள் வருகின்றன. இவற்றுக்கான சான்றிதழையும் தனித்துவ அடையாள அட்டையையும் பெற, அரசு அங்கீகரித்த மருத்துவக் குழுவிடம்தான் போக வேண்டும். தேர்வுச் சலுகைக்காகப் பத்தாம் வகுப்பின் நடுவில் ஓடுவதைவிட முன்பே அங்கே ஒரு பதிவு இருப்பது எளிது. ஏ.டி.எச்.டி. மட்டும் தனியாக அந்த 21 வகைகளில் இல்லை என்பது பல பெற்றோருக்குக் கடைசி நேரத்தில் தெரியவரும் ஏமாற்றம்.

பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் ஆகிய இரண்டும் தமிழ்க் குடும்பங்கள் நீண்ட காலமாக நாடிச் செல்லும் இடங்கள். இரண்டிலும் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவு இருக்கிறது; மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், பயிற்சியாளர் என்று ஒரு குழுவாகப் பார்க்கிறார்கள். நோயறிதலிலேயே ஐயம் இருந்தாலோ, இரண்டு மூன்று மருந்துகள் மாற்றியும் பலன் இல்லாவிட்டாலோ, ஊரில் உள்ளவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னாலோ இங்கே போவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தால் குழந்தையோடு பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ கட்டாயம் உடன் தங்க வேண்டும் என்று மேற்சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்திருக்கிறது. ஆகவே வேலைக்குப் போகும் குடும்பத்தில் யார் விடுப்பு எடுப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இடங்களுக்குச் சிகிச்சையை முழுவதுமாக மாற்றுவது திருச்சியில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் நிற்பதில்லை. ஒவ்வொரு மறுசந்திப்புக்கும் இரவு ரயில், பள்ளி விடுப்பு, தங்குமிடம் என்று அலைந்து, மூன்றாவது முறை போகாமல் விட்டு, கடைசியில் இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் போனவர்களை அறிவேன். ஒரு முறை விரிவான மதிப்பீட்டுக்குப் போய், எழுத்தில் அறிக்கை பெற்று, உள்ளூர் மருத்துவரிடம் கொண்டுவந்து தொடர்வதே பொருத்தமானது. அப்படிப் போவதை உள்ளூர் மருத்துவரிடம் மறைக்க வேண்டியதில்லை. பரிந்துரைக் கடிதம் கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் எழுதித் தருவார்கள், எங்களுக்கும் தந்தார்கள்.

இணையவழிச் சிகிச்சை கொரோனாவுக்குப் பிறகு பரவலாகிவிட்டது. தமிழில் பேசும், குழந்தைகளிடம் பழகத் தெரிந்த உளவியலாளர் பக்கத்தில் இல்லாத சிறு நகரங்களுக்கு இது உண்மையான உதவி. பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியைக் காணொளியில் பெறுவதில் பெரிய குறை ஏதும் எனக்குத் தெரியவில்லை. பதின்பருவத்தினர் சிலர் திரையில்தான் மனம் திறக்கிறார்கள். ஏழு வயது மிகையியக்கக் குழந்தையைத் திரை முன் உட்கார வைப்பது வேறு கதை. மருந்து விஷயத்தில் சட்டத் தடையே இருக்கிறது: 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின்படி, கட்டுப்பாடு மிகுந்த மருந்துகளுக்கான எக்ஸ் அட்டவணையில் உள்ளவற்றைத் தொலைவிலிருந்து எழுதித்தர முடியாது, மெதில்ஃபெனிடேட் அந்த அட்டவணையில் இருக்கிறது. நேரில் பார்த்து எழுதிய சீட்டும், மருந்துக்கடை வைத்துக்கொள்ள அதன் நகலும் வேண்டும். எல்லாக் கடைகளிலும் அது கிடைப்பதும் இல்லை. ஆகவே அந்த மருந்தை உட்கொள்ளும் குழந்தையின் மருத்துவரை இணையத்துக்கு மாற்ற நினைப்பவர்கள், அடுத்த மாதச் சீட்டு எங்கிருந்து வரும் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றத்தின் நடுவில் யாரும் கைவசம் இல்லாத நாள்களுக்கு, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலிமானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். தொடர் சிகிச்சைக்கு அது மாற்றாகாது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், கைமாறும் இடைவெளியில்தான் ஆபத்து. புதியவரின் முதல் தேதி உறுதியாகும்வரை பழையவரை விடக் கூடாது. குறைந்தது ஒரு மாதத்துக்கு மருந்தும் சீட்டும் கையில் இருக்க வேண்டும். செர்ட்ராலினைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம். ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கப்படும் இன்னொரு மருந்தான குளோனிடினைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறலாம். இளவயதினருக்கு மன அழுத்த மருந்துகள் தொடங்கும் நேரத்திலும் அளவு மாறும் நேரத்திலும் தற்கொலை எண்ணங்கள் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இலேயே எச்சரித்திருக்கிறது. அந்த வாரங்களில் குழந்தையை ஏற்கெனவே அறிந்த ஒருவரின் கண் அதன் மேல் இருக்க வேண்டும். ஆகவே மருத்துவரையும் மருந்தையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். புதியவர் முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

பதிவுகளைப் பெறுவது நம் உரிமை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அடிப்படை மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெற வழிசெய்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அவர்களின் சட்டப்பூர்வக் காப்பாளரே அதைக் கேட்கலாம், 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 15 நாள்களுக்குள் தர வேண்டும். சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகும் தேவை எங்களுக்கு வரவில்லை. ‘ஊர் மாறுகிறோம்’ என்று பொய் சொல்லவும் தேவைப்படவில்லை. கேட்க வேண்டியவை: நோயறிதலும் அதற்கான அடிப்படையும், சோதனைகளின் பெயரும் தேதியும் மதிப்பெண்களும், இதுவரை கொடுத்த ஒவ்வொரு மருந்தின் பெயரும் அளவும் நிறுத்திய காரணமும், சிகிச்சையில் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதும். மருந்து நிறுத்திய காரணத்தைத்தான் பலர் கேட்க மறக்கிறார்கள். அது தெரியாமல், முன்பு பசியைக் கொன்ற அதே மருந்தைப் புதியவர் மறுபடி எழுதினார் என்பது எங்கள் ஐந்து மாத இழப்பில் ஒரு பகுதி.

காலமும் பொருட்டு. பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பவரை மாற்றுவதற்கு ஏப்ரல், மே விடுமுறை ஏற்றது. புதியவரோடு பழக நேரம் இருக்கும். மருந்தைத் தீர்மானிப்பவரை மாற்றுவதற்கு விடுமுறை அவ்வளவு ஏற்றதல்ல, ஏனெனில் கவனக்குறைவு மருந்தின் பலன் வகுப்பறையில்தான் தெரியும். புதிய வகுப்பு சற்று அடங்கிய ஜூலை நல்ல மாதம். பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதங்களில் எதையும் தொட வேண்டாம்.

இந்த நிதானம் எல்லாம் சில நேரங்களில் பொருந்தாது. குழந்தையை அடித்தாலோ, இழிவாகப் பேசினாலோ, தகாத முறையில் தொட்டாலோ அன்றே வெளியேற வேண்டும்; பாலியல் தொந்தரவு என்றால் போக்சோ சட்டப்படி காவல் துறையிடம் சொல்வதும் கட்டாயம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. சாவதைப் பற்றிக் குழந்தை பேசியதை ‘சும்மா சொல்றான்’ என்று ஒதுக்குபவர், கொடுக்கும் மருந்தின் பெயரைச் சொல்ல மறுப்பவர், பதிவு எண்ணைக் காட்டாதவர், ஆட்டிசத்தை முற்றிலும் குணமாக்குவதாக உறுதி தந்து ஸ்டெம் செல் சிகிச்சைக்கு லட்சங்கள் கேட்பவர் ஆகியோரிடம் விடைபெறும் சந்திப்புகூடத் தேவையில்லை. ஸ்டெம் செல்லை, இரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிலவற்றுக்கு அப்பால் வழக்கமான சிகிச்சையாகப் பயன்படுத்துவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஏற்கவில்லை.

மற்ற எல்லாச் சூழலிலும் விடைபெறும் சந்திப்பு ஒன்று வேண்டும். ஓராண்டு பழகிய ஒருவர் திடீரென்று காணாமல் போனால், தன்னால்தான் போனார் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும்; எங்கள் மகன் முதல் முறை அப்படித்தான் நினைத்தான், ‘நான் சேட்டை பண்ணதால அந்த ஆன்ட்டி என்னை வேண்டாம்னு சொல்லிட்டாங்களா?’ என்று பல வாரம் கழித்துக் கேட்டான். இரண்டாம் முறை, மருத்துவரை அப்படியே வைத்துக்கொண்டு உளவியலாளரை மட்டும் மாற்றியபோது, கடைசி அமர்வுக்குத் தானே வரைந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போனான். அவர் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, புதியவருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி, அதில் என்ன எழுதியிருக்கிறார் என்பதை அவனுக்கே வாசித்துக் காட்டினார். கடிதத்தை அவன்தான் பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான்.